பச்சை ஒயரின் பாக்கி

பச்சை ஒயருக்கு முதலில் அநியாயம் செய்தது மாஸ்டர் குமிழ்தான். வெட்டியது குறடு. குறட்டைப் பிடித்திருந்தது ஆபரேட்டர் தனிஸ்லாஸின் கை. ஆனால் தீர்ப்புச் சொன்னது மாஸ்டர் குமிழ். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லலாம் என்று விட்டால் ஆளாளுக்கு வேறு யார் பெயரையாவது சொல்லிவிடுவார்கள்.

சாத்தூருக்குத் தெற்கே ஓர் ஊரில் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கூட்ட மண்டபமும், அதற்குப் பின்னால் ஒரு பேக்கிங் ஷெட்டும் உண்டு. மண்டபத்தில் ஒரு மிக்ஸர் பெட்டி இருந்தது. மைக்குகளில் வரும் சத்தத்தைக் கலப்பது, கலந்ததைப் பெரிதாக்கி வெளியே நாலு குழாய் ஸ்பீக்கருக்கு அனுப்புவது, இரண்டு வேலையும் அந்த ஒரே பெட்டிக்கு.

பெட்டியில் எல்லாருக்கும் ஓர் இடம் இருந்தது. எட்டு மைக்குக்கு எட்டுக் குமிழ்கள் வரிசையாக நின்றன. ஒன்றாம் குமிழ் மேடையில் தலைவர் பேசும் மைக்குக்கு. எட்டாம் குமிழ் கீழே உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் மைக்குக்கு. எட்டுப் பேருக்கும் மேலாக, வலது ஓரத்தில், சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு மாஸ்டர் குமிழ் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் எக்கோ குமிழ். மாஸ்டர் எதைச் சொன்னாலும் எக்கோ அதை மூன்று தடவை சொல்லும். அதற்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதை அது குறையில்லாமல் செய்து வந்தது.

பெட்டிக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு கேபிள். அதற்குள் மூன்று ஒயர்கள். சிவப்பு ஒயர் கரண்டைக் கொண்டு வந்தது. கருப்பு ஒயர் அதைத் திரும்பக் கொண்டு போனது. பச்சை எதையும் கொண்டு வரவில்லை. ஒரு முனையைப் பெட்டியின் இரும்பு உடம்பில் வைத்துக்கொண்டு, மறு முனையால் பிளக்கின் மூன்றாம் முனை வழியாக மண்டபத்துக்கு வெளியே உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் ஒரு பழைய டிரான்ஸ்பார்மர். வயதான காரணத்தால் அது அவ்வப்போது கொஞ்சம் கரண்டைச் சிந்தும். சிந்தியது பெட்டியின் உடம்பில் தங்கினால் தொட்டவருக்கு அடிக்கும். பச்சை அதை உடனே துடைத்து மண்ணில் கொண்டுபோய் விட்டுவிடும். சத்தமில்லாமல் நடக்கிற வேலை. அதனால் அப்படி ஒரு வேலை நடப்பதே யாருக்கும் தெரியாது.

“உனக்கு இங்க என்னதான்பா வேலை?” என்று சிவப்பு ஒயர் ஒரு நாள் கேட்டது.

“பின்கதவு வேலை,” என்றது பச்சை. “வேண்டாதது வெளியே போக ஒரு வழி வேணும்ல.”

“பின்கதவுக்கு எதுக்கு இவ்வளவு செம்பு,” என்று சிவப்பு சிரித்தது. கருப்பும் கூடச் சிரித்தது.

அந்த வருடத்துப் பொதுக்கூட்டம் வந்தது. மேடையில் சங்கத்தை ஆரம்பித்த நல்லமுத்து ஐயாவின் படம் மாட்டியிருந்தது. ஐயா படம் இருப்பதால் அந்த மேடையில் யாரும் செருப்புப் போட்டு ஏற மாட்டார்கள். படிக்குக் கீழேயே கழற்றி விட்டுவிட்டு, வெறும் காலோடு போய், படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். கூட்ட நாளுக்காகப் படத்தைச் சுற்றி சீரியல் செட் விளக்கு மாட்டியிருந்தார் செயலாளர் கொண்டல்சாமி. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மினுக்கும் குட்டி விளக்குகள். கொண்டல்சாமிக்கு ஒயர் தொங்கினால் பிடிக்காது. சீரியல் செட்டின் ஒயரையும் தலைவர் மைக்கின் ஒயரையும் ஒன்றாக முறுக்கி, மாலை கட்டிய நாரால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

பெட்டியைப் போட்டதும் நாலு குழாயிலும் கிர்ர் என்றது. நின்றது. மறுபடி கிர்ர் என்றது. நின்றது.

படத்தைச் சுற்றி விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். ஆனால் படத்துக்கு எதிரே நின்றவர்கள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

பெட்டிக்குள் மாஸ்டர் குமிழ் விசாரணை வைத்தது. “யார் போட்ட சத்தம்? மரியாதையா ஒத்துக்கங்க.”

“ஒத்துக்கங்க, துக்கங்க, கங்க,” என்றது எக்கோ.

எட்டாம் குமிழ் மெதுவாகச் சொன்னது. “ஒவ்வொருத்தரா கீழே இறங்கிப் பாப்போம். யாரு இறங்கினா சத்தம் நிக்குதோ, அவங்க வழியாத்தான் வருது. ஒண்ணாம் நம்பர்லருந்தே ஆரம்பிப்போம்.”

ஒன்றாம் குமிழுக்கு முகம் சிவந்தது. “நான் தலைவர் மைக்கு. என் வழியா வர்றது எல்லாம் உரை. இரைச்சலெல்லாம் உங்க கேள்வி மைக்குல வர்றது.”

“அது சரி,” என்றது மாஸ்டர். “ஒண்ணாம் நம்பரை இறக்கிட்டா அப்புறம் கூட்டம்னு ஒண்ணு எதுக்கு? வேற யோசனை சொல்லுங்க. இந்தப் பெட்டியில வேலை இல்லாம சும்மா கிடக்கிறது யாரு?”

எல்லாரும் பின்பக்கம் திரும்பிப் பச்சை ஒயரைப் பார்த்தார்கள்.

பச்சை பதறவில்லை. “நான் சும்மா கிடக்கலை. அது இருக்கட்டும். அங்க படத்தைச் சுத்தி இருக்கிற விளக்கைப் பாருங்க. அது எரியும்போது சத்தம் வருது, அணையும்போது நிக்குது.”

மேடையிலிருந்து சீரியல் செட் இதைக் கேட்டுவிட்டது. “யாரைப் பாத்துச் சொல்றே? நான் ஐயாவுக்கு வெளிச்சம் காட்டுறவன். என்னைச் சந்தேகப்பட்டா ஐயாவைச் சந்தேகப்பட்ட மாதிரி.”

அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? மாஸ்டர் தீர்ப்புச் சொன்னது. “சத்தத்துக்குக் காரணம் பச்சை. பாட்டுக்கும் உதவாது, பேச்சுக்கும் உதவாது. மண்ணோட உறவு வச்சிருக்கு. மண்ணுல கிடக்கிற இரைச்சலை இங்க இழுத்துட்டு வருது.”

“வருது, ருது, து.”

பெட்டிக்குள் தீர்ப்பு ஆனதும் வெளியே தனிஸ்லாஸுக்கும் அதே யோசனை வந்தது. உள்ளே இருக்கிறவர்களுக்கும் வெளியே இருக்கிறவர்களுக்கும் யோசனை ஒரே கடையில்தான் கிடைக்கிறது போலிருக்கிறது.

“எர்த்துல இருந்து வருது அண்ணாச்சி,” என்றான் தனிஸ்லாஸ், செயலாளரிடம். “அதை வெட்டி விட்டுட்டா சரியாயிரும்.”

“கூட்டத்துக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?”

“அது சும்மா ஒரு ஒயரு அண்ணாச்சி. கம்பெனிக்காரன் அழகுக்குப் போட்டது.”

பிளக்கைப் பிடுங்கித் திறந்தான். பச்சையைக் குறட்டில் பிடித்து ஒரே வெட்டு. வெட்டிய முனையை மடக்கிக் கேபிள் மேலேயே டேப்பைச் சுற்றினான். பச்சையைப் பிடித்திருந்த குட்டி ஸ்குரூ உருண்டு எங்கோ போனது. அதை அவன் தேடவில்லை.

அதே நேரத்தில் வாசலில் தக்காளி சாதப் பொட்டலம் வந்து இறங்கியது. சாப்பாடு வந்த பிறகு படத்துக்கு விளக்கு எதற்கு என்று கொண்டல்சாமி சீரியல் செட்டின் சுவிட்சை அமத்திவிட்டுப் பொட்டலம் எண்ணப் போனார்.

தனிஸ்லாஸ் பிளக்கைச் சொருகி, “ஹலோ, ஒன், டூ, த்ரீ,” என்றான். ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை.

“பாத்தீங்களா அண்ணாச்சி.”

“பாத்தியா,” என்றது பெட்டிக்குள் மாஸ்டர் குமிழ்.

இப்படித்தான் பச்சை குற்றவாளி ஆனது. அன்று மாலையிலேயே எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். பச்சை மறக்கவில்லை.

ஒரு வருடம் டேப்புக்குள் கிடந்தது. டிரான்ஸ்பார்மர் தன் பாட்டுக்குச் சிந்திக்கொண்டிருந்தது. “இதை இனி எங்கப்பா கொட்டுறது?” என்று அது கேட்டதற்குச் சிவப்பு, “அது உன் பாடு. கொண்டு வர்றதோட என் வேலை முடிஞ்சுது,” என்றது. சிந்தியது பெட்டியின் இரும்பிலேயே நின்றது. அங்கிருந்து ஒயர் வழியாக ஒன்றாம் மைக்கின் வலைத் தொப்பி வரைக்கும் போய், யாராவது வருவார்களா என்று காத்திருந்தது.

அந்த ஒரு வருடத்தில் பேக்கிங் ஷெட்டிலும் ஒரு தீர்ப்பு நடந்தது. ஒரு நாள் தீப்பெட்டி பண்டல் ஒன்று காணாமல் போனது. பின்கதவு வழியாகத்தான் போயிருக்கும் என்று தலைவர் போத்திராஜ் முடிவு செய்து, பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அந்தப் பண்டல் முன்கதவுக்குப் பக்கத்திலேயே சாக்குகளுக்கு அடியில் கிடைத்தது. பண்டல் கிடைத்தது, கதவு திறக்கவில்லை. கேட்டபோது, சாவி தொலைந்துவிட்டது என்றார்.

ஷெட்டுக்குள் நாற்பது பெண்கள் உட்கார்ந்து பேக்கிங் செய்தார்கள். சுற்றிலும் கூரை வரைக்கும் தீப்பெட்டி. வெளியே போக ஒரே ஒரு கதவு. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்கூட்டம் காலை பத்தரைக்கு ஆரம்பித்தது. படத்தைச் சுற்றி அதே விளக்கு. அதே முறுக்கு, புது நார். சங்கம் ஒரு குடும்பம் என்று போத்திராஜ் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சீனித்தாய் எழுந்து கீழ் மைக்குக்கு வந்துவிட்டாள். ஷெட்டில் பதினாறு வருடம் பேக்கிங் செய்தவள். அவள் வாய்க்கு மைக் தேவையில்லை என்று மற்ற பெண்கள் சொல்வார்கள்.

“தலைவரே, பின்கதவுச் சாவி கிடைச்சிருச்சா?” என்று கேட்டாள்.

கிர்ர் என்றது.

போத்திராஜ் காதில் கையை வைத்தார். “என்ன தாயி சொல்றே? இரைச்சல்ல ஒண்ணும் விளங்கலையே.”

“சாவி. பின்கதவுச் சாவி.”

கிர்ர்.

“அந்தக் கீழ் மைக்குதான் கத்துது தனிஸ்லாஸு,” என்றார் கொண்டல்சாமி. “அதை அமத்து.”

தனிஸ்லாஸ் எட்டாம் குமிழை இறக்கினான். சீனித்தாயின் குரல் நின்றது. கிர்ர் நிற்கவில்லை. ஏழாவதை இறக்கினான். ஆறாவதை இறக்கினான். ஐந்து, நான்கு, மூன்று என்று இரண்டு வரைக்கும் இறக்கினான். ஏழு பேரும் வாயை மூடிய பிறகும் கிர்ர் நிற்கவில்லை. ஒன்றாம் குமிழுக்குப் பக்கத்தில் போன விரல் அங்கேயே நின்றது. தலைவர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் போய்க் காதைச் சொறிந்தது.

டேப்புக்குள்ளிருந்து பச்சை பேசியது. “ஏழு பேரு சுத்தம்னு தெரிஞ்சு போச்சு. மிச்சம் ஒருத்தர்தான்.”

“யாரைச் சொல்றே? பேரைச் சொல்லு பாப்போம்,” என்றது மாஸ்டர்.

“பாப்போம், போம், ம்.”

“எண்ணத் தெரிஞ்சா போதும். பேரு எதுக்கு,” என்றது பச்சை.

“வெட்டினவனுக்கு வாயைப் பாரு,” என்று கருப்பு ஒயர் முணுமுணுத்தது.

“வெட்டுப்பட்டவன்னு சொல்லு,” என்றது பச்சை.

மாஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. “இரைச்சலுக்கு ஒரே வைத்தியம் அதைவிடச் சத்தமா பேசறது. நான் மேலே போறேன்,” என்று ஏறியது. தான் ஏறினால் இரைச்சலும் தன் தோளில் உட்கார்ந்து கூடவே ஏறும் என்பது அதற்குத் தெரியாது. கிர்ர் தெரு முனை டீக்கடை வரைக்கும் போனது. பெட்டியின் முன்னால் இருந்த சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. “அழகா எரியுது,” என்றது மாஸ்டர்.

போத்திராஜ் மைக்கைப் பக்கத்தில் இழுத்து உதட்டை வைத்தார்.

“நம் சங்கம் ஒரு குடும்...”

அதற்கு மேல் வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். டிரான்ஸ்பார்மர் ஒரு வருடமாகச் சிந்தியதற்கு மண்ணுக்குப் போக ஒருவழியாக ஒரு கால் கிடைத்துவிட்டது. வெறும் கால். காலையில் கழுவிவிட்ட, ஈரம் காயாத சிமெண்டுத் தரை.

“தலைவரை மைக்கு கடிச்சிருச்சுடி,” என்று கீழே ஒரு பெண் சொன்னாள்.

“இத்தனை வருசமா அவரு அதைக் கடிச்சாரு,” என்றாள் இன்னொருத்தி. பின்வரிசை வரைக்கும் சிரிப்புப் போனது.

கொண்டல்சாமி ஓடிப்போய்த் தன் கைக்குட்டையை மைக்கில் சுற்றினார். வேர்வையில் அதுவும் ஈரம். தலைவர் மறுபடி உதட்டை வைத்து மறுபடி பின்னால் போனார்.

“செருப்பைப் போட்டுட்டு நின்னு பேசுங்க தலைவரே, அடிக்காது,” என்றான் தனிஸ்லாஸ்.

“ஐயா படத்துக்கு முன்னாலயா? என்னப்பா பேசறே நீ.”

தனிஸ்லாஸ் பெட்டியின் பின்னால் போய் உட்கார்ந்தான். டேப்பைப் பார்த்ததும் போன வருடம் செய்தது ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கித் திறந்து, டேப்பைப் பிரித்து, பச்சையை நிமிர்த்தி, பிளக்கின் மூன்றாம் முனையில் வைத்தான். பிடிக்க ஸ்குரூ இல்லை. அந்த மண்டபத்தில் எது இல்லாவிட்டாலும் தீக்குச்சி இருக்கும். தரையில் கிடந்த மருந்தில்லாத குச்சி ஒன்றை எடுத்து, பச்சைக்குப் பக்கத்தில் ஆப்பாகச் சொருகி, பிளக்கை மூடித் திரும்ப மாட்டினான்.

பச்சை ஒரு வருடத்துக்குப் பிறகு மண்ணைத் தொட்டது. பெட்டியின் உடம்பில் நின்றதை எல்லாம் ஒரே இழுப்பில் கொண்டுபோய் விட்டது. “அப்பாடா,” என்றது டிரான்ஸ்பார்மர்.

போத்திராஜ் ஒரு விரலால் மைக்கைத் தொட்டார். அடிக்கவில்லை. உள்ளங்கையால் தட்டினார். பிறகு உதட்டை வைத்துப் பேசினார். அடிக்கவில்லை. ஆனால் கிர்ர் இருந்தது.

மாஸ்டர் குமிழ் எல்லாரையும் பார்த்துச் சொன்னது. “கவனிச்சீங்களா? பச்சை திரும்பி வந்திருச்சு, இரைச்சல் நிக்கலை. அப்ப இரைச்சல் பச்சையோடதுதான்.”

“நான் வர்றதுக்கு முன்னாலயும் இருந்துச்சே,” என்றது பச்சை.

“நீ வரப்போறேன்னு தெரிஞ்சு முன்கூட்டியே வந்திருக்கும்.”

“கும், கும், ம்,” என்றது எக்கோ.

பச்சை சிரித்தது. வருத்தம் அதிகமானால் அதற்குச் சிரிப்புத்தான் வரும். “நீ எனக்கு ரெண்டு வார்த்தை பாக்கி வச்சிருக்கே. ‘தப்பு என்னுது.’ அதைச் சொல்லு. வேற எதுவும் கேக்கலை.”

“கூட்டம் நடக்கும்போது சொந்த விவகாரம் பேசக் கூடாது,” என்றது மாஸ்டர்.

வெளியே போத்திராஜுக்குக் குரல் தெம்பாக வந்தது. “சாவியைத் தேட ஒரு குழு போட்டிருக்கோம். குழுவுக்கு நானே தலைவர். குழு மூணு தடவை கூடியிருக்கு.” இடையிடையே கிர்ர் வந்தது. அவருக்கு வேண்டிய இடத்திலெல்லாம் வந்தது. யாராவது கீழே எழுந்து பேசினால், “ஒண்ணும் கேக்கலையேப்பா,” என்று காதைத் தொட்டுக் காட்டினார். மைக்கை ஆசையோடு தடவிக்கொண்டார்.

அவர் அப்படித் தடவுவதைப் பச்சை பார்த்தது. ‘இந்தக் கையில் அடிக்க வேண்டியதை நான்தான் இப்போது சுமக்கிறேன். வெட்டியவர்களுக்காகச் சுமக்கிறேன்.’ அதன் மனசுக்குள் ஒன்று முறுக்கியது. பிளக்குக்குள் கொஞ்சம் நகர்ந்தது.

ஆப்பாக நின்ற தீக்குச்சி பயந்துபோனது. “அண்ணே, எங்க போறீங்க? நீங்க போனா நான் விழுந்திருவேன்.”

“விழு. உனக்கு என்ன நஷ்டம்? இன்னொரு தடவை உதட்டுல வாங்கட்டும். அப்பத்தான் நான் யாருன்னு தெரியும்.”

“தெரியுமாண்ணே? போன தடவை வாங்கினப்ப உங்க பேரையா சொன்னாரு?”

பச்சை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. முனையில் ஒரே ஓர் இழைதான் தொட்டுக்கொண்டிருந்தது.

கீழே சீனித்தாய் இன்னும் உட்காரவில்லை. செத்துப்போன எட்டாம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். கை இரண்டும் மைக்கில் இருந்ததால் படத்தைப் பார்த்துக் கும்பிடவில்லை. கும்பிடாததால் கண்ணை மூடவில்லை. அந்த மண்டபத்தில் கால் மணி நேரம் படத்தைக் கண் திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“அண்ணாச்சி,” என்று செயலாளரைக் கூப்பிட்டாள். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. “விளக்கு எரிஞ்சா கத்துது, அணைஞ்சா நிக்குது. அந்த சீரியல் செட்டை அமத்துங்க.”

“ஐயா படத்தை இருட்டாக்கச் சொல்றியா?” என்றார் கொண்டல்சாமி.

“பகல் பதினோரு மணிக்கு ஐயாவுக்கு என்ன இருட்டு?”

“அதெல்லாம் ஐதீகம் தாயி. நீ போய் உக்காரு.”

அவள் உட்காரவில்லை. நடந்தாள். படிக்கு வந்ததும், அந்தக் கோபத்திலும் பழக்கம் விடாமல், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறும் காலோடு மேடையேறினாள். கொண்டல்சாமி கையை விரித்து மறிப்பதற்குள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், சீரியல் செட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

விளக்கு அணைந்தது. கிர்ர் நின்றது.

விளக்குச் சரம் படத்தின் ஆணியில் மாட்டியிருந்தது. இழுத்த இழுப்பில் படம் ஒரு பக்கம் சாய்ந்தது. படத்துக்குப் பின்னாலிருந்து, அதே ஆணியிலிருந்து, ஏதோ ஒன்று நழுவி ஒன்றாம் மைக்குக்கு நேர் கீழே சிமெண்டில் விழுந்தது.

ணங்.

மாஸ்டர் குமிழ் உச்சியில் இருந்தது. இரைச்சல் ஒரு துளி இல்லை. அந்த ஒரு சத்தம் நாலு குழாயிலும் போய், தெருவில் விழுந்து, டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

சிவப்பு நூல் கட்டிய சாவி. ஷெட்டில் பதினாறு வருடம் இருந்தவளுக்கு அந்த நூல் தெரியும். கட்டியதே அவள்தான்.

போத்திராஜ் காதில் கை வைக்கப் போனார். கேட்கவில்லை என்று சொல்ல அங்கே ஒரு சத்தமும் இல்லை. கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார்.

சீனித்தாய் குனிந்து சாவியை எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, ஒன்றாம் மைக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

பச்சை அப்போதுதான் அவள் காலைப் பார்த்தது. வெறும் கால். ஈரத் தரை. தான் பிடித்திருப்பது ஓர் இழை. “இந்தா வருது,” என்று உள்ளே டிரான்ஸ்பார்மர் முனகியது. அதற்கு ஆள் பேதம் கிடையாது.

“தம்பி, இறுக்கிப் பிடி,” என்றது பச்சை தீக்குச்சியிடம்.

“போறேன்னு சொன்னீங்க?”

“பேசாதே. பிடி.”

இரண்டும் சேர்ந்து அழுத்தின. எல்லா இழையும் உள்ளே போய்த் தொட்டன. டிரான்ஸ்பார்மர் சிந்தியது. பச்சை அதைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு ஓடியது. சீனித்தாயின் கை மைக்கைப் பிடித்தபோது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால், அங்கே ஒன்று நடந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

“சாவி கிடைச்சிருச்சு,” என்றாள் மைக்கில். “குழுவைக் கலைச்சிருங்க. ஷெட்டுக்காரங்க எல்லாரும் வாங்கடி, கதவைத் திறந்துட்டு வந்து மிச்சக் கூட்டத்தைக் கேப்போம்.”

நாற்பது பேரும் எழுந்து பின்னால் போனார்கள். துருப்பிடித்த பூட்டு திறக்கிற சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்டது. முதலில் கை தட்டியவர் போத்திராஜ். “ஐயாவே பாதுகாப்பா வச்சிருந்திருக்கார் பாத்தீங்களா,” என்றார், காலி நாற்காலிகளைப் பார்த்து.

கொண்டல்சாமி கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினார்: ‘ஒலிபெருக்கியில் ஏற்பட்ட கோளாறு தலைவரின் நேரடி முயற்சியால் சரி செய்யப்பட்டது. தொலைந்த சாவி நிறுவனரின் ஆசியால் கிடைத்தது.’ தனிஸ்லாஸ் நாரை அறுத்து இரண்டு ஒயரையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டான். எர்த் ஒயரைப் பற்றி அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் வெட்டியது என்ற கேள்வி வரும்.

பெட்டிக்குள் மாஸ்டர் குமிழும் உரை நிகழ்த்தியது. “நான் உச்சிக்குப் போனதாலதான் சாவி விழுந்த சத்தம் ஊருக்கே கேட்டுச்சு. தலைமைன்னா அதுதான்.”

“அதுதான், துதான், தான்.”

“என் ரெண்டு வார்த்தை?” என்றது பச்சை.

“அடுத்த கூட்டத்துல பாப்போம்.”

அடுத்த கூட்டமும் வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. பிளக்குக்குள் பச்சையோடு சேர்ந்து தீக்குச்சிக்கும் வயதாகிவிட்டது. ஒரு நாள் அது கேட்டது. “அண்ணே, அன்னைக்கு நீங்க விடாம பிடிச்சீங்களே. அப்பவே மாஸ்டரை மன்னிச்சிட்டீங்களா?”

“யார் சொன்னது?” என்றது பச்சை. “மன்னிக்கலை. பிடிச்சிட்டு இருக்கேன். அது வேற, இது வேற.”

ஷெட்டின் பின்கதவு இப்போது திறந்தே கிடக்கிறது. மாஸ்டர் குமிழ் அந்த இரண்டு வார்த்தையை இன்னும் சொல்லவில்லை.